குறியும் கூர்நோக்கும்: சப்ரகமுவ வேட்டையின் வரலாறு

சப்ரகமுவ என்னும் மாகாணப் பெயரைக் கேட்டவுடன் இரத்தினக் கற்களும், றப்பர்த் தோட்டங்களும், சிவனொளிபாத மலையும் நினைவுக்கு வருதல் இயல்பு. அப்பெயருக்குள்ளே ஒரு வேடன் மறைந்திருக்கிறான் என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. சபரர் என்பது காடுறைந்து வாழ்ந்த வேட்டுவ மக்களுக்கு வடமொழி நூல்கள் வழங்கிய பெயர். இராமகாதையில் வரும் சபரியும் அக்குலத்தவளே. சபரர் வாழ்ந்த ஊர் என்னும் பொருளிலேயே இந்நிலப்பகுதி சப்ரகமுவ எனப் பெயர் பெற்றது என்பது அறிஞர் பலர் கொண்ட கருத்தாகும். மகாவம்சமும் இதற்கு அரணாக ஒரு கதை கூறுகிறது. விசயனால் கைவிடப்பட்ட குவேனியின் மகனும் மகளும் சுமணகூடம் எனப்பட்ட சிவனொளிபாத மலைப்பக்கம் ஓடி ஒளிந்து வாழ்ந்தனர் என்றும், அவர் வழிவந்தோரே புளிந்தர் என்றும் அந்நூல் உரைக்கும். புளிந்தர் என்பதும் வேட்டுவரைக் குறிக்கும் சொல்லே. கலவானைக்கு அப்பால், சிங்கராச வனத்தின் வாயிலில், வெத்தாகல என்றோர் ஊர் உண்டு. வேடர் பாறை என்பது அதன் பொருள். பாறை இருக்கிறது, ஊர் இருக்கிறது, வேடர்தாம் இல்லை.

வேட்டையின் வரலாற்றை ஆயுதங்களின் வரலாறாக எழுதுவது வழக்கமாகிவிட்டது. கல், வில், துவக்கு, றைபிள் என்று வரிசைப்படுத்தி, ஒன்றைவிட மற்றொன்று எத்துணைத் தூரம் எறிந்தது என்று அளந்துவிட்டால் வரலாறு முடிந்தது போலத் தோன்றும். ஆயினும் ஆயுதம் கையின் நீட்சி மாத்திரமே. விலங்கு எங்கே உறங்குகிறது, எப்பொழுது நீருண்ண இறங்குகிறது, காற்று எத்திசையில் வீசுகிறது, சற்றுமுன் அசைந்த இலை எதனால் அசைந்தது என்பவற்றை அறியாதவனுக்கு வில்லும் ஒன்றுதான், விறகுக் கட்டையும் ஒன்றுதான். சப்ரகமுவவின் கதையோ, ஆயுதத்தின் எட்டம் நீள நீளக் கண்ணின் வேலை என்னவாயிற்று என்னும் கேள்விக்கு விடை தரும் கதையாக இருக்கிறது.

இரத்தினபுரி மாவட்டத்திலே, குருவிட்டவுக்கு அண்மையில், பட்டதொம்பலென என்னும் கற்குகை உண்டு. கேகாலை மாவட்டத்தின் கித்துல்கலவிலே பெலிலென என்னும் மற்றொரு குகை. இவ்விரண்டிலும் கிடைத்த எலும்புகளும் கற்கருவிகளும் ஏறத்தாழ 30,000 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழைமை உடையவை. தேசிய நூதனசாலைகளின் பணிப்பாளராக விளங்கிய கலாநிதி பி. ஈ. பி. தெரணியகல இம்மக்களுக்குப் பலாங்கொடை மனிதன் என்று பெயர் சூட்டினார். அவர் மகனார் சிரான் தெரணியகல பின்னர் அதே குகைகளை நவீன முறையில் அகழ்ந்து, நகத்தளவான முக்கோணக் கல்முனைகள் அங்கே மிகப் பழங்காலத்திலேயே வழங்கின என்று நிறுவினார். இத்தகைய நுண்கற்கருவிகள் ஐரோப்பாவில் மிகப் பிந்தியே பரவலாயின என்பதனால், அக்காலை அது உலக அறிஞரைத் திடுக்கிட வைத்த செய்தியாயிற்று.

மாகாண எல்லைக்குச் சற்று அப்பால், களுத்துறை மாவட்டத்தில் உள்ள பாகியன்கல குகையின் சான்று இன்னும் பழையது. அங்கே கிடைத்த எலும்புக் கூர்முனைகளை ஆராய்ந்த அறிஞர், அவை அம்புமுனைகளாகப் பயன்பட்டவை என்றும், அவற்றுள் மூத்தவை ஏறத்தாழ 48,000 ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்றும் 2020ஆம் ஆண்டில் அறிவித்தனர். ஆபிரிக்காவுக்கு வெளியே வில்லும் அம்பும் வழங்கியமைக்கு அதுவரை கிடைத்த சான்றுகளுள் அதுவே மிகப் பழையது என்று கருதப்பட்டது.

எதனை எய்தார்கள்? நேயர்கள் யானையையும் காட்டெருமையையும் எண்ணக்கூடும். குகைக் குப்பையிலே கிடைத்த எலும்புகளுட் பெரும்பங்கு குரங்கு, மந்தி, மலையணில் ஆகியவற்றினுடையவை. மரை, பன்றி ஆகியவற்றின் எலும்புகள் அங்கே சிறுபான்மையே. கேட்பதற்கு இஃது எளிய வேட்டையாகத் தோன்றலாம். உண்மையில் இதனினும் அரியது வேறில்லை. சிங்கராச வனம் போன்ற ஈரக் காட்டிலே நிற்பவனுக்கு முன்னே முப்பது அடி தெளிவாகத் தெரிந்தால் அது பெரும்பேறு. இரையோ அவனுக்கு முன்னே இல்லை. அறுபது எழுபது அடிக்கு மேலே, ஒன்றோடொன்று பின்னிய இலைக் கூரைக்குள்ளே, கணத்துக்குக் கணம் கிளை மாறிக்கொண்டிருக்கிறது. துரத்திப் பிடிக்க இயலாது. துரத்தினால் காடு முழுவதும் எச்சரிக்கை அடைந்துவிடும்.

அவ்வாறாயின் அவன் என்ன செய்திருத்தல் வேண்டும்? இன்றைய காட்டு மந்திகளின் வாழ்க்கையைப் பார்த்தால் ஒருவாறு உணரலாம். இலங்கைக்கே உரிய ஊதாமுக மந்தி கூட்டங் கூட்டமாக வாழ்வது. ஒவ்வொரு கூட்டத்துக்கும் தனி எல்லை உண்டு. விடியற்காலையில் ஆண் மந்தி உரத்துக் குரலெழுப்பித் தன் எல்லையை அறிவிக்கும். அக்குரலைக் கேட்டு, இன்ன மேட்டில் இன்ன கூட்டம் உறங்கி எழுந்தது என்று அறியலாம். எந்த மரம் எந்த மாதம் பழுக்கும் என்று அறிந்தவனுக்கு அக்கூட்டம் பகலில் எங்கே செல்லும் என்பதும் தெரியும். அதற்கு முன்பே சென்று, காற்றுக்கு எதிராக, அசையாது காத்திருந்தால் ஓர் அம்புக்கு வாய்ப்புக் கிடைக்கும். இரண்டாவது அம்புக்குக் கிடையாது.

இவ்வெலும்புகளைப் பற்றி ஒஷான் வெடகேயும் அவருடன் சேர்ந்தோரும் 2019இல் வெளியிட்ட ஆராய்ச்சியிலே ஒரு செய்தி வருகிறது. அதனைக் கடந்து செல்ல மனம் வரவில்லை. கொல்லப்பட்ட குரங்குகளுள் மிகப் பல நன்கு வளர்ந்த முழுப் பருவத்தனவாக இருந்தன. குட்டிகள் குறைவு. கண்டதை எல்லாம் எய்திருந்தால் இளையனவும் முதியனவும் கலந்தன்றோ கிடைத்திருக்க வேண்டும்? இவ்வேடர் தெரிந்தெடுத்து எய்திருக்கின்றனர் என்பதே அவ்வாராய்ச்சியாளர் கொண்ட முடிவு. பல்லாயிரம் ஆண்டுகள் அதே காட்டில், அதே இரையை உண்டு வாழ்ந்தும், அவ்விரை அற்றுப்போகவில்லை. பார்வை என்பது இலக்கைக் காணுதல் மட்டுமன்று. விட்டுவிட வேண்டியதை அடையாளம் காணுதலும் அதிலே அடங்கும் என்பதை அம்மக்கள் நூல் எழுதி வைக்கவில்லை. எலும்பிலே எழுதி வைத்தனர்.

தமிழ் நூல்கள் வில்லாண்மையைப் புகழ்ந்த முறை இதனின் வேறு. வல்வில் ஓரியின் ஒரே கணை யானையை வீழ்த்தி, புலியைத் துளைத்து, மானையும் பன்றியையும் உருவி, புற்றிலிருந்த உடும்பிலே சென்று தைத்தது என்று வன்பரணர் புறநானூற்றிலே பாடுவார். அது வில்லின் வலியைப் பாடும் பாட்டு. புலவர்க்கு அது தகும். நம் ஈழத்து வேடரின் வில்லோ, 19ஆம் நூற்றாண்டில் அவரை நேரிற் கண்டெழுதிய ஐரோப்பியருக்குச் சற்று ஏமாற்றத்தையே தந்தது. நெடுந்தூரக் குறி வைப்பதில் இவர்கள் சிறந்தவர் அல்லர் என்று சிலர் எழுதினர். அவ்வாறு எழுதியவர்கள் வேடர் மானுக்கு எத்துணை அண்மையில் சென்று நின்றனர் என்பதையும் கூடவே எழுதினர். பத்துப் பன்னிரண்டு அடி அருகிற் சென்றுவிட வல்லவனுக்கு இருநூறு அடி எய்யும் வில் எதற்கு என்னும் கேள்வி அவர்களுக்கு எழவில்லை போலும்.

1505இல் போர்த்துக்கேயர் வந்தனர். அவரோடு வெடிமருந்துக் கருவிகளும் பரவின. சிங்களத்தில் துவக்குவ என்றும், இலங்கைத் தமிழில் துவக்கு என்றும் இன்றும் வழங்குவது துருக்கி மொழியிலிருந்து பல வாய் மாறி வந்த சொல் என்பர். சீதாவாக்கை அரசும் பின்னர்க் கண்டி அரசும் மிக விரைவிலேயே தாமே துவக்குச் செய்யும் கலையைக் கற்றுக்கொண்டன. அக்கலையிலே சிங்களக் கம்மியர் அடைந்த தேர்ச்சியைப் போர்த்துக்கேய ஆசிரியரே வியந்து எழுதியிருக்கின்றனர். கண்டித் துவக்குகள் பலவற்றிலே தீ மூட்டும் விசை குழலின் இடப்பக்கம் பொருத்தப்பட்டிருக்கும். ஐரோப்பிய வழக்கத்துக்கு அது நேர்மாறு. கொழும்பு நூதனசாலையில் இவற்றைக் காணலாம்.

இன்று கேகாலை மாவட்டமாக உள்ள மூன்று கோறளையும் நான்கு கோறளையும் அக்காலத்திலே கரையோரத்துக்கும் கண்டிக்கும் இடைப்பட்ட போர்க்களமாய் இருந்தன. அங்கே நடந்த போர் வேட்டையின் மறுவடிவமே. 1660 முதல் ஏறத்தாழ 19 ஆண்டுகள் கண்டி நாட்டிலே சிறைப்பட்டிருந்த றொபேட் நொக்ஸ், கண்டிப் படையினர் வெட்டவெளியில் எதிர்நின்று பொருவதில்லை என்றும், காட்டுள் பதுங்கி, ஒடுங்கிய வழிகளை அடைத்து, பகைவன் வந்து சிக்கும் வரை காத்திருப்பர் என்றும் எழுதினார். அதனை அவர் வீரக்குறைவு என்று எண்ணியதாகத் தோன்றுகிறது. உட்சுரி இல்லாத அக்காலத் துவக்கு நூறு யாருக்கு அப்பால் எதனைச் சுடும் என்று அதன் உடையவனுக்கே தெரியாது. அத்தகைய கருவியைக் கையிற் கொண்டு, முப்பது யாரில் மறைந்திருந்து, ஒரே வெடியிலே காரியத்தை முடிக்கக் கற்றவர்களை வீரம் குறைந்தவர் என்பதா, கருவியின் அளவறிந்தவர் என்பதா?

1815இல் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் வசமாயிற்று. அதன்பின் வந்த முப்பது நாற்பது ஆண்டுகள் இத்தீவின் யானைகளுக்கு ஊழிக்காலம். பதுளையில் அதிகாரியாயிருந்த மேஜர் றொஜர்ஸ் என்பார் 1,400க்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டவர் என்று எமர்சன் டெனன்ட் எழுதுகிறார். 1845இல் அப்புத்தளையில் இடி விழுந்து அவர் இறந்தார். கப்டன் கால்வே அதிற் பாதிக்கு மேல் சுட்டார். வீதிகள் அமைத்துப் புகழ் பெற்ற தோமஸ் ஸ்கின்னரும் அதற்குச் சற்றே குறைந்தவர். பதினாறு வயதளவில் கேகாலைக்கு மேலே கடுகண்ணாவைக் கணவாயில் வீதி வெட்டும் பொறுப்பை ஏற்றவர் இந்த ஸ்கின்னரே. யானையைக் கொன்றால் அரசாங்கம் வெகுமதியும் வழங்கியது. 1848க்கு முந்திய மூன்றாண்டுக்குள் வடமாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500க்கு மேற்பட்ட யானைகள் கொல்லப்பட்டதாக டெனன்ட் கணக்குத் தருகிறார்.

இத்துணை யானைகளையும் இவர்கள் எவ்வளவு தூரத்திலிருந்து சுட்டனர்? பத்து, பதினைந்து அடிவைப்புத் தூரத்திலே. நெற்றியிலே மூளைக்கு நேரான சிற்றிடத்தில் குண்டு பாய்ந்தால்தான் யானை விழும். அதற்கு அவ்வளவு நெருங்கியே ஆக வேண்டும். நெருங்க வைத்தவன் யார்? துரைக்கு முன்னே வெறுங்காலுடன் நடந்து சென்ற தடம் பார்ப்போன். நூல்கள் துரைமாரின் பெயர்களையும் அவர்தம் துவக்குச் செய்த கடைகளின் பெயர்களையும் கூடப் பதிவு செய்துள்ளன; தடம் பார்த்தவர்களிற் பெரும்பாலோர்க்கு அங்கே பெயரில்லை.

அவர்கள் அறிந்திருந்தவை யாவை? யானையின் முன்னங்காற் சுவட்டின் சுற்றளவை ஒரு கொடியால் அளந்து, அதனை இருமடங்காக்கினால் யானையின் தோளுயரம் கிடைக்கும். இவ்விதி பெரும்பாலும் பிழைப்பதில்லை. சுவட்டின் விளிம்பிலே பனித்துளி கலைந்திருந்தால் யானை விடிந்தபின் சென்றது. துளி சுவட்டின் மேலேயே படிந்திருந்தால் இரவே சென்றுவிட்டது. தடத்தின் குறுக்கே சிலந்தி வலை அறுபடாது நின்றால் அவ்வழியைத் தொடர்வது வீண். ஒடிந்த கிளையிற் பால் இன்னும் கசிகிறதா, இலத்தியிலே சூடு இருக்கிறதா, மரத்திலே உரசிய சேறு எந்த உயரத்தில் இருக்கிறது, அது காய்ந்துவிட்டதா என்று நடந்தவாறே பார்த்துச் செல்வர். ஈரநிலமாகிய இரத்தினபுரியிலே இதற்கோர் இடர்ப்பாடும் உண்டு. ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்யும் இடமாதலால் காலையிற் கண்ட சுவடு மாலையில் இராது. ஆகையால் இப்பகுதித் தடம் பார்ப்போர் நிலத்தை நம்பியதினும் இலையையும் கிளையையும் ஒலியையும் நம்பினர். கிழக்கிலே ஏறாவூர், மூதூர்ப் பக்கத்து முஸ்லிம் பணிக்கர்கள் இக்கலையிலே தலைசிறந்தவர். அவர்கள் துவக்கின்றியே யானையின் பின்னங்காலிலே தோற்கயிற்றுச் சுருக்கை மாட்டிப் பிடித்தவர்கள். அதனை நேரிற் கண்ட டெனன்ட் வியந்து பக்கம் பக்கமாக எழுதினார்.

இனி நெடுந்தூரக் குறி எப்பொழுது வந்தது என்று காண்போம். வெடித்துறை வல்லுநரைக் கேட்டால், குழலின் உட்புறத்திலே சுருள்வரி வெட்டிய றைபிள் வந்தபோது என்பர். சப்ரகமுவவிலோ அது காடு வெட்டியபோது வந்தது. 1840களிலே கோப்பித் தோட்டங்களுக்காக மலைச்சரிவுகள் ஒன்றன்பின் ஒன்றாக வெட்டி எரிக்கப்பட்டன. கோப்பி நோயால் அழிந்தபின் தேயிலையும், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தாழ்ந்த சரிவுகளில் றப்பரும் வந்தன. முப்பது அடிக்கு மேல் எதுவும் தெரியாதிருந்த இடத்திலே, பங்களா வாயிலில் நின்றால் அரை மைலுக்கு அப்பால் எதிர்ச்சரிவிலே மேயும் மரை தெரிந்தது. கண்ணுக்கு வழி திறந்த பின்னரே குண்டுக்கு வழி திறந்தது. அவ்வழியை வெட்டித் திறந்தவர்கள் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் என்பதையும் இங்கே நினைக்க வேண்டும். அவர்கள் கையிலே கத்தியும் கோடரியும் இருந்தன, துவக்கு இல்லை.

அவர்களுடைய வேட்டை வேறு. கோப்பி எலி என்றொரு சிற்றெலி அக்காலத்திலே தோட்டங்களைப் படைபோல வந்து தாக்கும். ஒரே தோட்டத்தில் ஒரே நாளில் ஆயிரம் எலிகள் கொல்லப்பட்டதுண்டு என்று டெனன்ட் குறிக்கிறார். தொழிலாளர் அவற்றைத் தேங்காய் எண்ணெயிற் பொரித்தும் கறியாக்கியும் உண்டனர் என்றும், எலி மிகுந்த தோட்டங்களையே விரும்பினர் என்றும் அவர் ஏளனம் கலந்து எழுதுவார். எளிய கூலியில் வாழ்ந்தோர்க்கு அதுவே இறைச்சி என்பதை அவர் எண்ணவில்லை. எலி ஏன் வந்தது என்பதிலேதான் சுவை இருக்கிறது. மலைக்காட்டிலே நெலு என்னும் புதர் வளர்கிறது. அது நம் குறிஞ்சியின் இனம். பல்லாண்டுக்கு ஒருமுறை ஒருங்கே பூத்து, விதை உதிர்த்து, மடிந்துபோகும். விதை உள்ளவரை எலி காட்டிலே பெருகும்; தீர்ந்தபின் தோட்டத்தில் இறங்கும். நெலு பூத்ததைப் பார்த்தவனுக்கு எலிப்படையின் வருகை முன்னரே தெரிந்த செய்தி.

துரைமாரின் றைபிளுக்குத் திரும்புவோம். 1846இல் இலங்கை வந்து, நுவரெலியாவிலே குடியேற்றம் அமைத்த சாமுவேல் பேக்கர் 1854இல் வெளியிட்ட வேட்டை நூல் அக்காலத் தோட்டத்துரைமாருக்கு வேதம் போன்றது. அவரிடமிருந்த ஒரு றைபிள் 21 இறாத்தல் நிறையுடையது; நான்கு அவுன்ஸ் ஈயக்குண்டை வீசுவது. பெலிஹுல்ஓயாவுக்கு மேலேயுள்ள ஹோட்டன் சமவெளியிலே அதே பேக்கர் மரையை நாய்களால் மடக்கிக் கத்தியாற் கொன்றார். தூரத்துக் குறி அவருக்கு வேட்டையின் ஒரு பகுதி மட்டுமே.

நெடுந்தூரக் குறியைத் தனிக் கலையாக வளர்த்தது போர். 1899இல் தொடங்கிய தென்னாபிரிக்கப் போரிலே, வேட்டையாடி வளர்ந்த போவர் உழவர்கள், கண்ணுக்குப் புலனாகாத தூரத்திலிருந்து ஆங்கிலப் படையைச் சுட்டு வீழ்த்தினர். அவர்களுட் சிறைப்பட்ட ஆயிரக்கணக்கானோர் 1900இல் தியத்தலாவைக்குக் கொண்டுவரப்பட்டனர். அதே 1900இல் இலங்கைத் தோட்டத்துரைமாரைக் கொண்ட றைபிள் படையொன்று அமைந்தது. ஐரோப்பியரே அதிற் சேரலாம். 1914இல் அப்படையின் ஒரு பகுதி எகிப்துக்குச் சென்றது. 1949இல் படை கலைக்கப்பட்டது.

அக்காலப் படைப் பயிற்சியிலே தூரத்தை மதிப்பிடுதல் ஒரு தனிப் பாடம். கண் எவ்வாறு ஏமாறுகிறது என்பதே அப்பாடத்தின் சாரம். வெயில் பளிச்சென்று அடிக்கும்போதும், மழை கழுவிய தெளிந்த காற்றிலும் இலக்கு உண்மையினும் அண்மையிலிருப்பதாகத் தோன்றும். மூடுபனியிலும் மங்கலிலும், படுத்துக்கொண்டு பார்க்கும்போதும் அது தொலைவிலிருப்பதாகத் தோன்றும். எட்டியாந்தோட்டை, தெரணியகலை, இறக்குவானைச் சரிவுகளிலே இவை அனைத்தும் ஒரே காலைப்பொழுதில் நிகழக்கூடியவை. தூரத்தைத் தவறவிட்டால் என்னாகும்? அப்படைகள் கொண்டிருந்த லீ-என்ஃபீல்ட் றைபிளின் குண்டு 600 யாரைக் கடக்க ஏறத்தாழ ஒரு வினாடி ஆகும். ஒரு வினாடியில் எப்பொருளும் 16 அடி கீழ்நோக்கி விழும். குண்டும் அதற்கு விலக்கன்று. குறிக்காட்டியை உயர்த்தி வைத்து அவ்வீழ்ச்சியை ஈடுசெய்வர். எத்துணை உயர்த்துவது என்பது தூரத்தைப் பொறுத்தது. தூரத்தைச் சொல்வதோ கண். மலைநாட்டிலே இன்னுமொரு சிக்கல் உண்டு. மேட்டை நோக்கிச் சுட்டாலும் பள்ளத்தை நோக்கிச் சுட்டாலும், சமநிலத்துக் கணக்கின்படி குறிவைத்தால் குண்டு இலக்குக்கு மேலேதான் செல்லும். புவியீர்ப்பு கிடைத்தூரத்துக்கே கணக்கு வைப்பதால் அவ்வாறு நிகழ்கிறது. குறுக்குக் காற்றோ, சுடுபவன் நிற்கும் இடத்தில் ஒருவிதமாகவும் பள்ளத்தாக்கின் நடுவே வேறுவிதமாகவும் வீசும். எதிர்ச்சரிவுப் புல் எப்பக்கம் சாய்கிறது என்று பார்த்தே அதனை அறியலாம். ஆகவே தூரம் வளர்ந்தபோது பார்வை தேவையற்றுப் போகவில்லை, மிகுதியாகவே வேண்டப்பட்டது. ஆயினும் அது விலங்கின் வாழ்வைப் பார்க்கும் பார்வையாக இல்லாமல், காற்றையும் ஒளியையும் அளக்கும் பார்வையாக மாறிவிட்டது. அரை மைலுக்கு அப்பால் உள்ள மரை சினையா அன்றா என்று எவராற் சொல்ல முடியும்?

விலங்குகள் குறைந்தன. சுட்டவர்களே முதலில் அதனை உணர்ந்தனர் என்பது முரணாகத் தோன்றினும் உண்மை. 1891இல் வேட்டை விலங்குகளைக் காக்கச் சட்டம் வந்தது. 1894இல் தோட்டத்துரைமார் முன்னின்று வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கம் ஒன்றை நிறுவினர். 1937இல் விலங்கினங்களையும் தாவரங்களையும் காக்கும் கட்டளைச் சட்டம் பிறந்தது. இரத்தினபுரி மாவட்டத்தின் பனாமுரையில் 1950இல் நடந்த யானைப்பிடிப்பிலே, தன் கூட்டத்தைக் காக்க நின்ற ஓர் ஆண் யானை சுட்டுக் கொல்லப்பட்டது. நாடு முழுவதும் மக்கள் மனம் கொதித்தனர். சிங்களத்திலே அதன்மேற் பாட்டும் எழுந்தது. பட்டியடைத்து யானை பிடிக்கும் வழக்கம் அதனோடு முடிந்தது. ஒருகாலத்தில் யானைக் கூட்டங்கள் உலவிய சிங்கராசப் பகுதியிலே இன்று விரல்விட்டு எண்ணத்தக்க யானைகளே எஞ்சியுள்ளன.

பெருவேட்டை ஒழிந்தது, சிறுவேட்டை ஒழியவில்லை. இன்று சப்ரகமுவக் காட்டோரங்களிலே விலங்குகளை வீழ்த்துவன பெரும்பாலும் றைபிள்கள் அல்ல. கட்டுத்துவக்கும் கம்பிச் சுருக்குமே. பன்றி நடக்கும் பாதையின் குறுக்கே ஒரு நூலைக் கட்டி, அதன் மறுநுனியை நாட்டுத்துவக்கின் விசையோடு பிணைத்துவிட்டு வீட்டுக்குச் சென்று உறங்கலாம். நூல் இடறியதும் துவக்கு வெடிக்கும். இடறியது யார் என்று துவக்கு கேட்பதில்லை. பன்றியின் தோளுயரம் மனிதனுக்குத் தொடை உயரம். விறகு பொறுக்கச் சென்ற பெண்ணும், அதிகாலையிற் பால் வெட்டச் சென்ற தொழிலாளியும், காட்டுக்குள் மாட்டைத் தேடிச் சென்ற சிறுவனும் இடறக்கூடிய நூல் அது. காலிலும் தொடையிலும் கட்டுத்துவக்குக் காயம் பட்டு வந்தோரைப் பற்றி இலங்கை மருத்துவ ஏடுகள் மீண்டும் மீண்டும் எழுதியுள்ளன. சட்டம் இதனைத் தடைசெய்துள்ளது. தடை மாத்திரம் நூலை அறுப்பதில்லை.

கம்பிச் சுருக்கு இன்னும் மலிவானது. துவிச்சக்கர வண்டியின் தடைக்கம்பி ஒரு முழம் போதும். மரக்கறிப் பாத்தியைப் பன்றி உழுதுவிட்டது என்று மனம் நொந்த தொழிலாளி ஒருவர் வேலியோரம் அதனை வைக்கிறார். அவருடைய நட்டமும் நட்டமே, அதனை யாரும் ஈடுசெய்வதில்லை. பன்றிக்கு வைத்த சுருக்கில் மரை மாட்டும், முள்ளம்பன்றி மாட்டும், வளர்த்த நாயும் மாட்டும். சிவனொளிபாத மலையடிவாரத்தில், நல்லதண்ணிப் பகுதித் தோட்டம் ஒன்றிலே, 2020ஆம் ஆண்டு மே மாதம் ஒரு கருஞ்சிறுத்தை மாட்டியது. கருநிறச் சிறுத்தை இத்தீவில் இனி இல்லை என்று பலர் எண்ணியிருந்த வேளையில், முந்திய ஆண்டிலேதான் தானியங்கி நிழற்படக் கருவி அங்கே ஒன்றைப் பதிவு செய்திருந்தது. கழுத்திற் கம்பி இறுகிய நிலையில் மீட்டு உடவளவைக்குக் கொண்டு சென்றனர். சில நாட்களில் அது இறந்தது. 45,000 ஆண்டுகளுக்கு முன்னே, குட்டியை விட்டு முழுப்பருவக் குரங்கைத் தெரிந்தெடுத்து எய்தவனின் அம்புக்கும் இக்கம்பிக்கும் உள்ள தூரத்தை எந்த யார்க்கோலால் அளப்பது?

சுருக்குகளை அகற்றும் பணியிலே வனசீவராசித் திணைக்கள அலுவலர் ஈடுபட்டுள்ளனர். தோட்ட எல்லைக் காட்டிலே மைற்கணக்கில் நடக்க வேண்டிய வேலை அது. துருப்பிடித்த மெல்லிய கம்பி சருகின் நிறத்தோடு கலந்துவிடும். நேரே தேடினால் கண்ணிற் படாது. ஆகையால் கம்பியைத் தேடுவதில்லை. பன்றி அடிக்கடி நடந்து தேய்ந்த ஒற்றையடி எங்கே வேலியைக் கடக்கிறது என்று பார்க்கிறார்கள். அவ்விடத்தில் இளமரம் ஒன்று காரணமின்றி வளைந்திருக்கிறதா, அதன் பட்டையில் கயிறு உராய்ந்த வடு இருக்கிறதா, இருபுறமும் முட்கிளையை நட்டு வழியை ஒடுக்கியிருக்கிறதா என்று பார்க்கிறார்கள். இவ்வேலைக்கு வழிகாட்ட ஊரிலே யாரைத் தேடிச் செல்வது என்று கேட்டால், பன்றியின் வழியறிந்த பழைய ஆட்களையே அனைவரும் கைகாட்டுவர்.